அண்டை வீட்டாருக்கு எவ்வளவு அதிகாரம்?

அமெரிக்கப் புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றின் நுழைவாயிலில் ஒரு பலகையைப் பார்க்கலாம். தொப்பியும் மேலங்கியும் அணிந்த ஒரு கறுப்பு உருவம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே இது அக்கம்பக்கத்தார் கண்காணிக்கும் பகுதி என்ற எச்சரிக்கை. உள்ளே வீடு வாங்கியவர்களிடம் ஒரு விதிப்புத்தகமும் இருக்கும். புல் எவ்வளவு உயரம் வளரலாம், கதவுக்கு என்ன நிறம் பூசலாம், குப்பைத்தொட்டியை எப்போது வெளியே வைக்கலாம், வாசலில் எந்த வண்டி நிற்கலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பலகையை நட்டதும் புத்தகத்தை அமல்படுத்துவதும் பெரும்பாலும் அதே தெருக்காரர்கள்தான். அவர்கள் காவல்துறையினரும் அல்லர், நகராட்சி அலுவலர்களும் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்கள். இன்று ஏறத்தாழ 7.5 கோடி அமெரிக்கர்கள் இத்தகைய வீட்டுரிமையாளர் சங்கங்களின் ஆளுகைக்குள் வாழ்கிறார்கள். 1970இல் இந்த எண்ணிக்கை 21 லட்சம் மட்டுமே. அங்கே குடியேறிய தமிழர்களுக்கு ‘ஹெச்.ஓ.ஏ.’ என்ற அவற்றின் ஆங்கிலச் சுருக்கம் வீட்டுக்கடன் போலவே தினசரிப் பேச்சில் புழங்கும் சொல்லாகிவிட்டது. ஒரு தெருவைத் தெருக்காரர்களே காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. காப்பதற்காக அவர்கள் கையில் எவ்வளவு அதிகாரத்தைக் கொடுப்பது என்பதில்தான் அமெரிக்கா அரை நூற்றாண்டாகத் தவறிக்கொண்டிருக்கிறது. தெருவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கட்டும், தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கக் கூடாது என்பதுதான் அந்த அனுபவத்திலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு.

கண்காணிப்புக்கும் பராமரிப்பு விதிகளுக்கும் வரலாறு வேறு வேறு. 1964 மார்ச்சில் நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் வீட்டருகே கொல்லப்பட்டார். முப்பத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் உதவவில்லை என்று நாளிதழ் எழுதியது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னாளில் தெளிவானது. ஆனால் அதற்குள் ‘அக்கம்பக்கம் செத்துவிட்டது’ என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. குற்றங்கள் பெருகிய அந்தக் காலத்தில்தான், 1972இல், தேசிய ஷெரிஃப்கள் சங்கம் கண்காணிப்புக் குழுத் திட்டத்தைத் தொடங்கியது. கண்ணால் பாருங்கள், காதால் கேளுங்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள், ஆயுதம் எடுக்காதீர்கள், யாரையும் துரத்தாதீர்கள் என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படைப் பாடம். பராமரிப்பு விதிகளின் வேர் இன்னும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கல்ஸ் என்ற மனைத்தொழில் அதிபர், தான் விற்ற மனைகளின் பத்திரத்திலேயே நிபந்தனைகளை எழுதிவைத்தார். வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது, கறுப்பின மக்களுக்கு விற்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. அவற்றைக் காப்பாற்றத்தான் வீட்டுரிமையாளர் சங்கங்களை அவர் அமைத்தார். இனத்தடை நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அடியோடு தடை செய்தது. தடை வந்த பிறகும் சங்கம் என்ற அமைப்பு நிலைத்தது, பெருகியது. இந்தப் பிறப்பை மறந்துவிட்டு ‘ஒழுங்கு’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது நியாயமாகாது.

தனித்தனியாக வந்த இரண்டையும் ஒரே சிந்தனைக்குள் கொண்டுவந்தது 1982இல் வெளியான ஒரு கட்டுரை. ஜேம்ஸ் க்யூ. வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இருவர் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய அது ‘உடைந்த சன்னல்’ கோட்பாடு என்று பெயர் பெற்றது. ஒரு கட்டடத்தில் உடைந்த சன்னலைச் சரிசெய்யாமல் விட்டால் மற்ற சன்னல்களும் உடைபடும். கேட்பாரில்லை என்று தெரிந்ததும் சிறு சீர்கேடு பெருங்குற்றத்தை அழைத்துவரும் என்பது அவர்கள் வாதம். நகர மேயர்களுக்கும் காவல்துறைத் தலைவர்களுக்கும் இது வேதவாக்கானது. சங்கங்களுக்கும் அது வசதியாக இருந்தது. வளர்ந்த புல் வெறும் புல்லாக இல்லாமல் குற்றத்தின் முன்னறிவிப்பாகிவிட்டதல்லவா? இப்படித்தான் அழகு பற்றிய விதி பாதுகாப்பு பற்றிய விதியாக மாறியது. அந்த மாற்றத்தோடு, விதியை மீறுகிறவர் கவனக்குறைவானவர் என்ற நிலையிலிருந்து ஆபத்தானவர் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்.

இந்தக் கோட்பாட்டைச் சிகாகோவில் பொறுமையாகச் சோதித்தார்கள். ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் ஆகிய சமூகவியலாளர்கள் வண்டியில் வீடியோ கேமராக்களைப் பொருத்தி 23,000க்கும் மேற்பட்ட தெருப்பகுதிகளைப் படம்பிடித்தார்கள். குப்பை, கிறுக்கல், கைவிடப்பட்ட வண்டி, பாழடைந்த வீடு எல்லாவற்றையும் கணக்கெடுத்து, அந்தந்தப் பகுதியின் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1999இல் முடிவை வெளியிட்டார்கள். வறுமையையும், அக்கம்பக்கத்தாரிடையே உள்ள நம்பிக்கையையும் கணக்கில் சேர்த்தபோது, சீர்கேட்டுக்கும் பெரும்பாலான குற்றங்களுக்கும் இடையே இருந்ததாகத் தோன்றிய நேரடித் தொடர்பு கரைந்துபோனது. இரண்டுக்கும் பொதுவான வேர் ஒன்று இருந்தது. அது ஓரிடத்தில் வறுமையைக் குவித்துவைப்பதும், ஒருவரையொருவர் நம்பிப் பொறுப்பேற்கும் பழக்கம் அங்கே தேய்ந்துபோவதும்தான். இதே குழு 1997இல் வெளியிட்ட ஆய்வுக்காக 8,782 சிகாகோ மக்களிடம் சில எளிய கேள்விகளைக் கேட்டிருந்தது. பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் உங்கள் பக்கத்து வீட்டார் ஏதாவது செய்வார்களா? வீட்டு வாசலில் சண்டை மூண்டால் தலையிடுவார்களா? அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றால் சேர்ந்து போராடுவார்களா? ‘செய்வார்கள்’ என்ற பதில் மிகுந்த பகுதிகளில், வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும், வன்முறை குறைவாக இருந்தது. புல்லின் உயரமோ கதவின் நிறமோ கேள்வியிலேயே இல்லை.

அவர்கள் 2004இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் என்னை அதிகம் கலங்கவைப்பது. ஒரே அளவு சீர்கேடுள்ள இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டால், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் தெருவையே மக்கள் அதிகச் சீர்கெட்டதாகக் கண்டார்கள். வெள்ளையர்கள் மட்டுமல்ல, கறுப்பினத்தவரும் அப்படியே கண்டார்கள். அதாவது ‘இந்த இடம் சரியில்லை’ என்று நமக்குத் தோன்றும்போது, அந்த எண்ணத்தில் ஒரு பங்கு கண்ணிலிருந்து வருகிறது, மறுபங்கு அங்கே யார் வாழ்கிறார்கள் என்று மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கணக்கிலிருந்து வருகிறது. தோற்றத்தைப் பார்த்து அபராதமோ சந்தேகமோ விதிக்கும் அதிகாரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கும்போது, அந்தக் கணக்கையும் சேர்த்தே அதிகாரமாக்குகிறோம்.

அப்படியானால் இடத்தைச் சுத்தமாக வைப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது, பெரும் பயன் இருக்கிறது. பிலடெல்பியாவில் கைவிடப்பட்ட 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதி மனைகளில் குப்பையை அள்ளி, மண்ணைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, ஆட்கள் உள்ளே போய்வர இடைவெளி விட்டுத் தாழ்வான மரவேலி போட்டார்கள். இன்னொரு பகுதியை அப்படியே விட்டுவைத்தார்கள். ஒரு மனைக்குச் செலவு சுமார் 1,600 டாலர். பிறகு ஆண்டுதோறும் பராமரிக்கச் சுமார் 180 டாலர். 2018இல் முடிவுகள் வந்தன. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் சீரமைக்கப்பட்ட மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. மனச்சோர்வாக இருப்பதாகச் சொன்னவர்களும் வெகுவாகக் குறைந்திருந்தார்கள். மருத்துவ ஆய்வுக்குரிய கறாரான முறையில் நடந்த சோதனை இது. எளிதில் தள்ளிவிட முடியாது. இங்கே யாருக்கும் நோட்டீஸ் போகவில்லை, யாரும் துரத்தப்படவில்லை. இடம் சீரானது, அவ்வளவுதான். அதே நகரம் 2011இல் இன்னொன்றும் செய்தது: கைவிட்ட கட்டடங்களின் உரிமையாளர்கள் ஒழுங்கான கதவும் சன்னலும் போட வேண்டும், பலகை அடித்து மூடக் கூடாது என்று சட்டத்தைக் கடுமையாக்கியது. அதற்குக் கட்டுப்பட்ட கட்டடங்களைச் சுற்றித் தாக்குதல் குற்றங்கள் குறைந்ததை ஆய்வு காட்டியது. ஆகவே விதியே வேண்டாம் என்பது என் வாதமில்லை. அந்தச் சட்டம், ஊரைவிட்டுப் போய் இடத்தைப் பாழாக விட்ட உரிமையாளரைப் பிடித்தது. அதை அமல்படுத்தியது பதில் சொல்லக் கடமைப்பட்ட நகர நிர்வாகம், மேல்முறையீட்டுக்கு இடமிருந்தது. அங்கேயே குடியிருந்து கஷ்டப்படுகிறவரின் வாசலில் போய் அது நிற்கவில்லை.

கண்காணிப்புக் குழுக்களுக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். பல நாடுகளில் நடந்த மதிப்பீடுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு, கண்காணிப்பு இருந்த பகுதிகளில் குற்றம் 16 முதல் 26 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டது. தொகுத்த ஆய்வுகளில் சில வலுவற்றவை என்றாலும் பயன் இல்லை என்று ஒதுக்க முடியாது. ஊருக்குப் போன வீட்டின் வாசலில் குவியும் தபால்களை எடுத்துவைப்பது, அறிமுகமில்லாத லாரி வீட்டுச் சாமான்களை ஏற்றினால் போன் செய்து கேட்பது, தனியே வாழும் முதியவரின் விளக்கு எரியாவிட்டால் கதவைத் தட்டுவது எல்லாம் இதில் அடங்கும். இவை எதற்கும் அதிகாரம் தேவையில்லை, தெரிந்திருப்பதே போதும்.

கேடு எங்கே தொடங்குகிறது என்பதை ஃபுளோரிடாவின் சான்ஃபோர்ட் நகரம் உலகுக்குக் காட்டியது. ‘தி ரிட்ரீட் அட் ட்வின் லேக்ஸ்’ என்ற மதில்சூழ்ந்த குடியிருப்பு அங்கே இருக்கிறது. வீட்டுச்சந்தை சரிந்த ஆண்டுகளில் அங்கே வீடுகளின் விலை பாதாளத்துக்குப் போனது. வாங்கியவர்கள் பலர் இழந்து வெளியேறினார்கள், வாடகைக்காரர்கள் வந்தார்கள், சில வீடுகளில் திருட்டும் நடந்தது. அச்சம் நியாயமானதுதான். 2011 செப்டம்பரில் கண்காணிப்புக் குழு அமைந்தது. யாரையும் பின்தொடராதீர்கள், நேருக்கு நேர் மோதாதீர்கள் என்று காவல்துறை சார்பில் சொல்லியும் கொடுத்தார்கள். 2012 பிப்ரவரி 26 இரவு, அந்தக் குடியிருப்பில் தந்தையோடு தங்க வந்திருந்த டிரேவோன் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், கடைக்குப் போய் மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு மழையில் திரும்பிக்கொண்டிருந்தான். குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஜார்ஜ் சிம்மர்மேன் அவனைச் சந்தேகித்துக் காவல்துறைக்குப் போன் செய்தார். பின்தொடர வேண்டியதில்லை என்று மறுமுனையில் சொல்லப்பட்டது. அவரிடம் துப்பாக்கி இருந்தது. சில நிமிடங்களில் அந்தச் சிறுவன் இறந்துகிடந்தான். தற்காப்பு என்ற வாதத்தை ஏற்று 2013 ஜூலையில் நடுவர் குழு அவரை விடுவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, அந்தக் குடியிருப்பின் வீட்டுரிமையாளர் சங்கம் பெற்றோருடன் இழப்பீட்டு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. அந்த இரவில் போன் செய்தது வரை எல்லாமே கண்காணிப்பின் இலக்கணத்துக்குள் இருந்தன. வண்டியைவிட்டு இறங்கிப் பின்னால் போனதுதான் எல்லை மீறல். ஆனால் ‘தெருவுக்கு நானே காவலன்’ என்ற பட்டத்தை ஒருவருக்குச் சூட்டிவிட்டு, அவர் போனோடு நின்றுவிடுவார் என்று எதிர்பார்த்ததில் அந்த ஏற்பாட்டுக்கும் பங்கிருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தின் சட்டில்லா ஷோர்ஸில் குழுவென்றுகூட எதுவும் இல்லை. 2020 பிப்ரவரி 23 அன்று கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த அகமது ஆர்பெரி என்ற 25 வயது இளைஞரை, திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிய அந்தப் பகுதிக்காரர்கள் மூவர் இரண்டு வண்டிகளில் துரத்தி மறித்தார்கள். அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எதையும் எடுத்திருக்கவில்லை. குடிமக்களே ஒருவரைப் பிடித்துவைக்கலாம் என்று அனுமதித்த 1863ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு ஆதரவாகக் காட்டப்பட்டது. வீடியோ வெளியே வரும்வரை இரண்டு மாதங்களுக்கு மேலாகக் கைதுகூட நடக்கவில்லை. பிறகு மூவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜார்ஜியா 2021இல் அந்தச் சட்டத்தையே நீக்கியது. உள்நாட்டுப் போர்க்காலத்திலிருந்து சட்டப் புத்தகத்தில் இருந்த ஓர் அதிகாரத்தை நீக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

பராமரிப்பு விதிகளில் ரத்தம் சிந்துவதில்லை என்பதால் அவற்றின் கொடுமை கண்ணில் படுவதில்லை. சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைத்தால், பல மாநிலங்களில் வீட்டின் மீது வில்லங்கம் ஏறும். அதை வைத்து வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். டெக்சஸின் ஃபிரிஸ்கோவில், ஈராக்கில் பணியிலிருந்த ஒரு ராணுவ அதிகாரியின் வீடு அப்படித்தான் போனது. கடன் முழுதும் அடைந்த, சுமார் 3 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, ஆயிரம் டாலருக்கும் குறைவான பாக்கிக்காகச் சில ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. ஊரே கொதித்த பிறகு உடன்பாட்டின் மூலம் வீடு திரும்பக் கிடைத்தது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சங்கங்கள் ஏலம்விட முடியாதபடி 2011இல் டெக்சஸ் சட்டத்தை மாற்றியது. ஃபுளோரிடாவின் டனீடன் நகரில் நிலைமை இன்னும் விசித்திரம். இறந்துபோன தாயின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க ஒருவர் வெளியூர் போயிருந்தார். புல்வெட்ட அவர் ஏற்பாடு செய்திருந்த ஆளும் இறந்துபோனார். புல் 10 அங்குலத்தைத் தாண்டியது. நகர நிர்வாகம் நாளொன்றுக்கு 500 டாலர் வீதம் விதித்த அபராதம் 30,000 டாலரை நெருங்கியது. வீட்டை ஜப்தி செய்ய நகர நிர்வாகம் ஒப்புதல் தந்தது. கூட்டாட்சி நீதிமன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது. அந்தப் புல்லை வெட்ட யாராவது ஒரு அரைநாள் செலவிட்டிருந்தால் பிரச்சினை அன்றே முடிந்திருக்கும். அபராதம் விதிக்கும் அதிகாரம் இருந்த இடத்தில், புல் வெட்டித் தரும் யோசனை எழவே இல்லை.

அபராதம் வருமானமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிசௌரியின் ஃபெர்குசன் சாட்சி. அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த நகரம் 1.326 கோடி டாலர் பொது வருவாயில் 30.9 லட்சம் டாலரை அபராதங்களிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் எதிர்பார்த்தது. புல்லும் களையும் வளரவிட்டதற்கு அங்கே 77 முதல் 102 டாலர் வரை அபராதம். அக்கம்பக்க ஊரொன்றில் அதே குற்றத்துக்கு 5 டாலர்தான். மில்வாக்கியில் இன்னும் வேதனையான ஒன்று நடந்தது. ஒரு வீட்டிலிருந்து அடிக்கடி காவல்துறைக்கு அழைப்பு போனால் அதைத் ‘தொல்லை தரும் வீடு’ என்று அறிவித்து வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்டும் நிக்கோல் வால்டெஸும் அந்த நோட்டீஸ்களை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று, கணவனிடமோ துணைவனிடமோ அடிபட்ட பெண்கள் உதவி கேட்டு அழைத்ததால் வந்தது. நோட்டீஸைத் தவிர்க்க உரிமையாளர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்களையே காலி செய்யச் சொன்னார்கள். தெருவின் அமைதியைக் காக்க வந்த விதி, உதவிக்குக் குரல் கொடுத்தவளின் வாயை அடைத்தது. வீட்டிலிருந்து உதவி கேட்டு அழைத்ததற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்று 2022இல் கூட்டாட்சிச் சட்டம் வரவேண்டியிருந்தது.

என் முடிவுக்கு எதிரான வாதங்கள் வலுவானவை. முதலாவது, சம்மதம். கையெழுத்துப் போட்டுத்தானே வீடு வாங்கினார்கள், விதி பிடிக்காவிட்டால் வேறு இடத்தில் வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். நீதிமன்றங்களும் நெடுங்காலமாக இதையே சொல்கின்றன. 1994இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், வீட்டுக்குள்ளேயே மூன்று பூனைகளை வளர்த்த பெண்மணிக்கு எதிராகச் சங்கத்தின் தடையை உறுதிசெய்தது. ஆனால் சம்மதம் என்றால் வேறு வழியும் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இன்று புதிதாகக் கட்டி விற்கப்படும் தனி வீடுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை சங்கத்தோடு சேர்ந்தே வருகின்றன. சாலை, வடிகால், பூங்கா ஆகியவற்றின் செலவைத் தவிர்க்கப் பல நகராட்சிகளே புதுக் குடியிருப்புகளில் சங்கம் வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. அரசு செய்ய வேண்டியதை ஒரு தனியார் அமைப்பிடம் தள்ளிவிட்டு, அரசுக்குரிய கட்டுப்பாடுகள் எதுவும் அந்த அமைப்புக்கு வேண்டாம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? மேலும், கையெழுத்திட்ட அன்று இருந்த விதிகள் பின்னர் பெரும்பான்மை வாக்கால் மாறலாம். நாளை யாரோ எழுதப்போகும் விதிக்கு இன்று யாரும் முழுமனத்தோடு சம்மதித்துவிட முடியாது.

இரண்டாவது, பணம். பக்கத்து வீடு பாழானால் என் வீட்டின் மதிப்பு குறைகிறது, அந்த நஷ்டத்தை யார் தருவார்கள் என்ற கேள்வி. நடுத்தரக் குடும்பத்துக்கு வாழ்நாள் சேமிப்பே வீடுதான் என்பதால் இந்தக் கவலையை அற்பமென்று நான் கருதவில்லை. சங்கமுள்ள வீடுகள் சராசரியாகக் குறைந்தது 4 சதவீதம் அதிக விலைக்குப் போவதாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வு, சங்கமுள்ள பகுதிகளில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் சுற்றுப்புறத்தைவிடக் குறைவாக இருப்பதையும் காட்டுகிறது. அந்த 4 சதவீதத்தில் பூங்காவின் பங்கு எவ்வளவு, யார் உள்ளே இல்லை என்பதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அதைப் பெருமையாகக் காட்ட முடியாது. இடிந்துவிழும் சுவர், கொசு பெருகும் தொட்டி, எரிய வாய்ப்புள்ள காய்ந்த புதர் ஆகியவை பக்கத்து வீட்டுக்கு உண்மையான தீங்கு. அவற்றைத் தடுக்கப் பொதுச் சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். வேறு நிறக் கதவும் காய்கறிப் பாத்தியும் யாருக்கும் தீங்கில்லை. தீங்கு எது, பிடிக்காதது எது என்று பிரிக்கும் கடமையிலிருந்து விலை தப்பவைக்காது.

மூன்றாவது எதிர்வாதம் நடைமுறை பற்றியது. காவல்துறை வரத் தாமதமாகிறது, அபராதமும் ஏலமும் இல்லாவிட்டால் யாரும் விதிக்குக் கட்டுப்பட மாட்டார்கள், சங்கமே குலைந்துவிடும் என்பது. இதற்குப் பதில் அமெரிக்காவிலேயே இருக்கிறது. கலிபோர்னியாவில் சந்தா பாக்கி 1,800 டாலரை எட்டும்வரை அல்லது ஓராண்டு தாண்டும்வரை வீட்டை ஏலம்விட முடியாது. அபராதத்துக்காக ஏலம்விடவே முடியாது. கடும் வறட்சி வந்த 2014இல், புல் காய்ந்ததற்கு அபராதம் போடக் கூடாது என்று மாநிலம் சட்டமியற்றியது. 2025 ஜூலை முதல், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்காத மீறல்களுக்கு 100 டாலருக்கு மேல் அபராதம் விதிக்க முடியாது. இத்தனை கட்டுப்பாட்டுக்குள்ளும் நாட்டிலேயே மிக அதிகமான சங்கங்கள் உள்ள மாநிலங்களில் ஒன்றாகக் கலிபோர்னியா இருக்கிறது. சங்கங்கள் குலையவில்லை, பூங்காக்கள் பாழாகவில்லை. காவல்துறை தாமதமாக வருகிறது என்றால் அதைச் சரிசெய்யக் கேட்பதுதான் முறை. வண்டி வரும்வரை அண்டை வீட்டுக்காரரே காவலராகிவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்ஃபோர்டும் சட்டில்லா ஷோர்ஸும் இருக்கின்றன.

இது அமெரிக்காவின் சங்கடம் மட்டுமே என்று தமிழ்நாட்டில் இருக்கும் நாம் ஒதுங்கிவிட முடியாது. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல்துறையின் நண்பர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மக்களும் காவல்துறையும் நெருங்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் கொல்லப்பட்டபோது, நிலையத்தில் தன்னார்வலர்களும் தாக்குதலில் பங்கேற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் தங்கள் உறுப்பினர்கள் அல்லர் என்று அமைப்பு மறுத்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. அந்தக் குறிப்பிட்ட குற்றச்சாட்டு எப்படிப் போனாலும், சீருடை இல்லாத ஒருவர் கையில் லத்தி இருக்கலாம் என்று நிலையங்கள் பழகிப்போயிருந்ததே ஆபத்து.

சென்னையிலும் கோவையிலும் மதில்சூழ்ந்த குடியிருப்புகள் பெருகிவிட்டன. அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. பல சங்கங்கள் தங்கள் துணை விதிகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும் நேரம் இது. திருமணமாகாதவர்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது, வீட்டு வேலை செய்பவர்கள் தனி லிஃப்டில்தான் போக வேண்டும், பார்சல் கொண்டுவரும் இளைஞரை வாசலில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பன போன்ற வழக்கங்கள் ஏற்கெனவே பல இடங்களில் விதி என்ற பெயரில் புழங்குகின்றன. பாதுகாப்பு என்று சொல்லி நியாயப்படுத்தப்படும் இவற்றில் எத்தனை உண்மையில் ஒருவரின் சாதியையும் வருமானத்தையும் அளக்கும் விதிகள் என்பதைக் குடியிருப்பவர்கள்தான் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிகாகோவில் ஒரே அளவு குப்பை இரண்டு விதமாகத் தெரிந்ததைப் போல, இங்கும் ஒரே மாதிரி நடந்துபோகும் இருவர் நம் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிகிறார்கள்.

ஆகவே சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போங்கள். பாதிப்பேர் போவதில்லை என்பதால்தான் சிலர் கையில் எல்லாம் சேர்கிறது. துணை விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அபராதத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா, அபராதம் விதிக்கும் முன் எழுத்தில் நோட்டீஸும் விளக்கம் சொல்ல அவகாசமும் உண்டா, தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் ஆகியவற்றை நிறுத்தும் அதிகாரம் செயற்குழுவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். இரவு ரோந்து வைத்திருந்தால், ரோந்து போகிறவர்கள் யாரையும் தொடவோ பிடித்துவைக்கவோ கூடாது, போன் செய்வதோடு அவர்கள் வேலை முடிகிறது என்று எழுத்தில் வையுங்கள். சங்க நிதியில் ஒரு பகுதியை, வயதானவர்களும் நோயாளிகளும் வெளியூர் போனவர்களும் செய்ய முடியாத பராமரிப்பைச் செய்துகொடுக்க ஒதுக்குங்கள். அடுத்த நோட்டீஸில் கையெழுத்துப் போடும் முன், செயற்குழுவிலிருந்து ஒருவர் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, ‘என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்டுவரட்டும்.